பெரிய கேக்கும் சாம்பிராணியும்

நேற்று சாயங்காலம் எங்கள் அடையாறு ஃப்ளாட்டில் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். என் மகள் ரீனா இந்தக் கிறிஸ்துமஸுக்கு ரிப் ரோஸ்ட் செய்யப்போகிறாள். மாட்டின் விலாக்கறியை எலும்போடு அப்படியே முழுசாக ஓவனில் வைத்துச் சுடுகிற சமாச்சாரம். பண்டிகையன்று சொதப்பிவிடக் கூடாது என்று நேற்று ஒரு சின்னத் துண்டை வைத்து ஒத்திகை பார்த்தாள். கறிக்குள் குத்திச் சூடு பார்க்க ஒரு கருவிகூட வாங்கியிருக்கிறாள். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. நான் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகும் பூண்டும் கொழுப்பும் சேர்ந்து உருகும் வாசனை மெதுவாக வந்தது. அடுத்தபடி எனக்கு நினைவிருப்பது, நான் பால்கனிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றதுதான். படுக்கையறை ஜன்னல், சமையலறை ஜன்னல், பாத்ரூம் வென்டிலேட்டர் எல்லாம் ஏற்கெனவே மூடியாகிவிட்டது. கையில் ஒரு கம்ப்யூட்டர் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. எப்போது பற்றவைத்தேன் என்று சத்தியமாகத் தெரியாது.

ரீனா இருமிக்கொண்டே வெளியே வந்தாள். "அம்மா, என்னம்மா பண்ற? சொந்த வீடு இது. யாரு வந்து கேக்கப்போறா?"

அவள் கேட்டது நியாயம்தான். யாரும் கேட்கப்போவதில்லை. பக்கத்து ஃப்ளாட்டுப் பையனே வாரத்தில் பாதி நாள் பீஃப் பிரியாணி வரவழைத்துச் சாப்பிடுகிறான். ஆனாலும் என் கைக்கு அது தெரியவில்லை. பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இப்படிச் சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி ஜன்னல் மூடிக்கொண்டு நின்றதை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தோடுதான் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

என் சின்ன வயதில் நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள். மாமாவும் மாமியும் தங்கமான மனிதர்கள். கிறிஸ்தவர்களுக்கு வீடு கொடுத்ததற்காகச் சொந்தக்காரர்களிடம் மாமா பேச்சு வாங்கினார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். கறி, மீன் சமைத்தால் பரவாயில்லை, "அது மட்டும்" வேண்டாம் என்று குடிவரும்போதே சொல்லிவிட்டார். அது என்றால் எது என்று அப்பாவும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. அப்பா தலையை ஆட்டிவிட்டு அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்தார்.

தலையை ஆட்டியதோடு சரி. மாட்டுக்கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அப்பாவால் கற்பனை செய்ய முடியாது. சர்ச்சில் பூசை முடிந்ததும் ஜாம் பஜார் பக்கம் போய்வருவார். பையின் அடியில் கறி, மேலே முருங்கைக்கீரை. படியேறும்போது மாமி பார்த்துவிட்டு, "கீரை தளதளன்னு இருக்கே, எங்கே வாங்கறேள்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். அடுத்த வாரம் அப்பா மாமிக்கென்று ஒரு கட்டு வாங்கினார். அதைப் பையில் போடாமல் இன்னொரு கையில் தூரமாக நீட்டிப் பிடித்தபடியே ஜாம் பஜாரிலிருந்து மயிலாப்பூர் வரை நடந்துவந்தார். ஏமாற்றுவதிலும் அவருக்கு ஒரு நேர்மை இருந்தது.

சமைக்கும்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை. ஜன்னல் என் பொறுப்பு. எல்லாவற்றையும் மூடிவிட்டு, தணலில் சாம்பிராணி போட்டு, வீடு முழுக்கப் புகை காட்ட வேண்டும். அக்கா ஸ்டெல்லாவுக்குக் கீழே வேலை. மாமி மாடிக்கு ஏறி வந்துவிடாதபடி பேச்சில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அக்கா அதில் கெட்டிக்காரி. "மாமி, அந்த வத்தக்குழம்பு எப்படி வைக்கிறீங்க? நேத்து வாசனை ஊரைத் தூக்கிச்சே" என்று ஆரம்பித்தால் மாமி உட்கார்ந்துவிடுவாள். மாமிக்கு எங்கள் மேல் சந்தேகமே வந்ததில்லை. மாறாக ஏகப்பட்ட மரியாதை. "உங்காத்துல வாராவாரம் சாம்பிராணி வாசனை கமகமன்னு வர்றது. எங்காத்துலகூட இவ்ளோ போடறதில்லை, போங்கோ" என்று அம்மாவிடம் சொல்வாள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மாமி இன்னும் மதிப்பாள். ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் எரியும்.

கிறிஸ்துமஸ் வந்தால் சாம்பிராணி மட்டும் போதாது. அன்றைக்கு ரோஸ்ட். அப்பாவைப் பெற்ற தாத்தா இதே அடையாறில் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் பட்லராக இருந்தவர். ஊர்ப் பக்கம் யாரும் கண்ணால் பார்த்திராத அந்த ரோஸ்ட்டைத் தாத்தா அங்கேதான் கற்றார். துரை கப்பலேறிய பிறகும், வருஷத்துக்கு ஒருமுறை, தன் பிள்ளைகளுக்காகச் செய்தார். அவருக்குப் பிறகு அப்பா. வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாகத் தாத்தா நிமிர்ந்து நிற்கும் ஒரு போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருந்தது. அப்பா ஆபீஸ் கிளம்பும்போது அதைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொள்வார். பக்கத்திலேயே கண்ணாடி இருந்தது, அதைப் பார்க்கமாட்டார்.

ஓவன் எல்லாம் அப்போது யார் வீட்டில் இருந்தது? கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாந்தோம் பக்கத்து வீடுகளில் எல்லாரும் கேக் மாவைக் கலக்கித் தட்டில் ஊற்றி பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். விறகு அடுப்பில் வரிசையாக வைத்துச் சுட்டுத் தருவார்கள். தட்டில் சாக்பீஸால் பெயர் எழுதியிருக்கும். கேக்குகள் எல்லாம் வெளியே வந்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எங்கள் தட்டு உள்ளே போகும். ஜன்னல் மூடிய வீட்டில் அப்பாவே கறிக்கு மசாலா சேர்த்து, வாழையிலையால் மூடி, துணியால் கட்டிக் கொண்டுபோவார். மாமாவிடம் அது கேக். பேக்கரி பாயும் அதைக் கேக் என்றே சொல்வார்.

"இன்னா நைனா, பெரிய கேக் வந்துட்சா?" என்பார் பாய், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

"வந்துகினே கீது பாய். சூடு கரெக்டா கீதா பாரு" என்பார் அப்பா.

மயிலாப்பூர் வீட்டில் அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் "என்ன", "இருக்கு" என்று அளந்துதான் பேசுவார். பேக்கரி வாசலில் நின்றால் தோளைத் தளர்த்திக்கொண்டு சத்தமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே தட்டு தூக்கத் துணைக்கு வருகிறேன் என்று நான் கிளம்பிவிடுவேன்.

நான் சொல்லவந்த கிறிஸ்துமஸ் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த வருஷத்தில் வந்தது. வெளியே இருப்பவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒன்று. உள்ளே அப்படியில்லை. ஒரே பூசை, பூசையில் வாங்குகிற நன்மை அப்பமும் ஒன்றே. கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் பூர்விகம் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று விசாரணை தொடங்கிவிடும். மாட்டுக்கறி சாப்பிடுவோம் என்று சொல்வது அந்தத் தெருவின் பெயரைச் சொல்வதற்குச் சமம். ஏற்கெனவே இரண்டு வரன் அந்த விசாரணையில் போய்விட்டது. இரண்டாவது போனபோது அக்கா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. மூன்றாவதாக வந்தது அசோக் நகர் வரன். பையன் நல்ல வேலையில் இருந்தார். அவருடைய அப்பா ரிடையர்டான ஹெட்மாஸ்டர். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பேசிக் கொண்டுவந்த இடம். பெண் பார்க்க வந்தபோது பையன் அக்காவிடம் ஏதோ கேட்க, அக்கா வாயைப் பொத்திச் சிரித்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். அவளுக்குப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் அது எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாருக்கும் பயமாகவும் இருந்தது.

அத்தை அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தாள். "அவங்க வூட்ல மாட்டுக்கறி வாசப்படி தாண்டாதாம். நீங்களும் அப்டித்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். வாய வுட்டுடாத."

அப்பா வாயை விடவில்லை. ஆனால் ரோஸ்ட்டையும் விடவில்லை. அவர்கள் பண்டிகை முடிந்துதானே பதில் சொல்வார்கள், அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். கிறிஸ்துமஸ் அன்று காலை நானும் அவரும் பேக்கரிக்குப் போய்ப் பெரிய கேக்கை வாங்கிவந்தோம். அம்மா இலையை நீக்கினாள். மேலே கொழுப்பு முறுகி, எலும்புகள் நிமிர்ந்து, அடியில் உருளைக்கிழங்கு நெய்யில் ஊறினாற்போல மினுங்கியது. அப்பா போட்டோவைப் பார்த்து, "நல்லா வந்துருக்கு நைனா" என்றார். வீட்டுக்குள் அப்பா "நைனா" என்று சொன்னது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் கீழிருந்து மாமியின் குரல். "ஸ்டெல்லா, அப்பாவை வரச்சொல்லு. போன் வந்திருக்கு. அவரோட அக்காவாம்."

அப்பா கீழே போய்விட்டுத் திரும்பிவந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. "அசோக் நகர்க்காரங்க சாந்தோம்ல பூசைக்கு வந்திருக்காங்களாம். அப்படியே இங்க சாப்பாட்டுக்கு வராங்களாம். கிளம்பிட்டாங்களாம்."

அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். கட்டிலுக்கு அடியிலா? காலை நீட்டினால் இடிக்கும். மொட்டை மாடியிலா? காக்கா காட்டிக் கொடுக்கும். கடைசியில் படுக்கையறை பீரோவைத் திறந்து, தன் கல்யாணப் புடவையை ஒதுக்கிவிட்டு, ரோஸ்ட்டை உள்ளே வைத்தாள். ஹாலுக்கு வந்தவள் தாத்தாவின் போட்டோவை அண்ணாந்து பார்த்தாள். பட்லர் உடுப்பு. யார் இவர், என்ன வேலை பார்த்தார் என்று கேள்வி வரும். அம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் போட்டோவைக் கழற்றினாள். அதுவும் பீரோவுக்குள் போயிற்று. அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் பீரோ சாவியை வாங்கிப் பூட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் ஜன்னல்களுக்கு ஓடினேன். அன்று போட்ட சாம்பிராணிக்கு ஒரு தேர்த் திருவிழாவே நடத்தியிருக்கலாம். பூட்டிய பீரோவுக்குள் இருந்து வாசனை வந்துகொண்டே இருந்தது. மிளகும் கொழுப்பும் புடவை நாப்தலினும் சேர்ந்து அது இன்னும் பலத்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அவர்கள் வந்தார்கள். ஹெட்மாஸ்டர், அவர் மனைவி, பையன். உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் இருமினார்கள்.

"ஜெபம் நடந்தது" என்றார் அப்பா.

"நல்ல பழக்கம்" என்றார் ஹெட்மாஸ்டர். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, புகையில்.

அந்த அம்மாள் மட்டும் உட்காரவில்லை. ஒரு முறை சுற்றிலும் பார்த்தார். மூடியிருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்கு லேசாக விரிந்தது. பிறகு நான் கையில் வைத்திருந்த சாம்பிராணிக் கரண்டியைப் பார்த்தார். முடிந்தது, அக்காவின் வாழ்க்கை என் கையிலிருக்கும் கரண்டியோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் என்னிடம் வந்து கரண்டியை வாங்கினார். நேராகப் படுக்கையறைக்குப் போனார். பீரோ முன்னால் குனிந்து, அதன் கதவுக்கும் தரைக்கும் இடையில் இருந்த சந்தில் கரண்டியை வைத்து, முந்தானையால் மெதுவாக விசிறினார். அம்மா பதறிப்போய்ப் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அடியில போடணும்மா" என்றார் அந்த அம்மாள் என்னிடம், தாழ்ந்த குரலில். "மேல காட்டினா நிக்காது."

எவ்வளவு பழகிய கை! புகையைத் தரையோடு தரையாக எப்படித் தள்ளுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இத்தனை வருஷமாகச் செய்தும் எனக்குப் பிடிபடாத வித்தை அது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் எதையாவது சொல்லியிருக்கலாம். சிரித்திருந்தால்கூடப் போதும். பீரோவைத் திறந்திருக்கலாம். அம்மா தலையைக் குனிந்தாள். அவரும் குனிந்துகொண்டு கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவசரத்தில் வைத்த கோழிக்குழம்பு, உப்பு தூக்கலாக இருந்தது. ஹெட்மாஸ்டர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, யாரும் கேட்காமலே, "நாங்கள் பீஃப் எல்லாம் எடுத்துக்கொள்வதில்லை" என்றார். பாடப் புத்தகம் மாதிரிதான் பேசுவார்.

"நாங்களும்தான்" என்றார் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "தொட்டதே இல்லைங்க. எங்க அப்பா காலத்துலருந்தே."

நான் சட்டென்று சுவரைப் பார்த்தேன். போட்டோ இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது. அப்பாவும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதன் பிறகு அவர் தட்டைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. அந்த அம்மாள் கோழியைப் பிசைந்துகொண்டே இருந்தார். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எல்லாரும் குழம்பு நன்றாயிருக்கிறது என்றோம். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த கூச்சம் இன்றைக்கும் என் உடம்பில் இருக்கிறது.

போகும்போதே சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா அழுதாள், சந்தோஷத்தில். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பா பீரோவைத் திறந்தார். கொழுப்பெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. சாய்த்து வைத்திருந்த தாத்தாவின் போட்டோ சரிந்து தட்டின் மேல் கிடந்தது. அப்பா அதை எடுத்துச் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "சூடு பண்ணட்டுமா?" என்றாள் அம்மா. "ஆறிப்போச்சு" என்றார். தட்டைத் துணியில் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போனார். பேக்கரியில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கழுவிய தட்டோடு திரும்பிவந்தார். அந்த முறை என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அப்பா ரோஸ்ட் செய்யவில்லை. எப்படிச் செய்வார்? சம்பந்தி முன்னால் தொட்டதே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. சம்பந்தியோ அடுத்த தெருவுக்கு வருவதுபோல வந்துபோகிறவர். கல்யாணமாகி முதல் மாசமே அக்கா வந்து அம்மா காதில் சொன்னாள், அசோக் நகர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் ஜன்னல் மூடி, சாம்பிராணி போட்டு, அதே சமையல்தான் என்று. ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பாவும் ஹெட்மாஸ்டரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் கோழித் துண்டை எடுத்து வைத்து உபசரித்துக்கொண்டார்கள். சாகும்வரை. இரண்டு பேருக்குமே கோழி பிடிக்காது.

இப்போது யாரும் இல்லை. அப்பா, அம்மா, ஹெட்மாஸ்டர், அந்த அம்மாள், மாமாவும் மாமியும்கூட. சந்து வீட்டை இடித்து நான்கு மாடி கட்டிவிட்டார்கள். பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அம்மாவின் கல்யாணப் புடவை என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை முறை வெயிலில் போட்டாலும் அதன் மடிப்பில் ஒரு வாசனை இருந்துகொண்டே இருந்தது. சில வருஷமாக அதுவும் இல்லை.

இதையெல்லாம் நேற்று ரீனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்போ பெரிய பீஸை உங்க அப்பா மாதிரியே செஞ்சுடலாம்மா. எப்படிச் செய்வாரு? பூண்டை உள்ள சொருகுவாரா, மேல தடவுவாரா? என்ன மசாலா?"

நான் வாயைத் திறந்தேன். சமையலறை ஜன்னலின் இடது கதவுக்குத் தாழ்ப்பாள் தளர்ந்திருக்கும், காகிதம் மடித்துச் செருக வேண்டும். சாயங்காலக் கடல் காற்று வந்தால் வாசனை மாடிப்படி வழியாகக் கீழே இறங்கும், அதற்கு முன்னால் படிக்கட்டுக் கதவை மூடிவிட வேண்டும். இவையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் முதுகுக்குப் பின்னால் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை.

"தெரியாதும்மா" என்றேன்.

"பெரியம்மாவைக் கேப்போம்" என்று ரீனா அசோக் நகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அக்காவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இரண்டு முறை கேட்டபிறகுதான் விளங்கிற்று.

"அப்பா ரோஸ்ட்டா? எனக்கு எப்படிடி தெரியும்? நான் கீழ மாமிகிட்ட வத்தக்குழம்பு பக்குவம் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அந்த வத்தக்குழம்பை அக்கா இன்றைக்கும் அருமையாக வைப்பாள்.